உப்பளத்துக்கு வந்த ஓலை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் என்றால் ஒரே ஒரு காட்சிதான் ஞாபகம் வரும். சாலையோரமாக வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருக்கும் உப்பு! காரை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம். மறுபடி கிளம்பிவிடுவோம். நமக்கும் அந்த ஊருக்குமான உறவு அவ்வளவுதான்.

போன கோடையில் எனக்கு அங்கே கொஞ்சம் கூடுதல் நேரம் வாய்த்தது. உப்பளத்தைப் பார்க்கப் போயிருந்தேன். 3,000 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிற பாத்திகள். விடிவதற்கு முன்பே ஆட்கள் இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறினால் கண் கூசும், காலில் உப்புத் தண்ணீர் எரியும். மர வாருபலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்க்கிறார்கள். பெண்கள் கூடையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுகிறார்கள். மழை தொடங்கும்வரைதான் இந்தப் பிழைப்பு. அப்புறம் பாத்தியெல்லாம் குளமாகிவிடும்.

அங்கேதான் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். குத்தகைக்கு எடுத்துச் சின்ன அளவில் உப்பு விளைவிக்கிறவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர், தயங்கித் தயங்கி செல்போனை நீட்டினார்.

"தம்பி, நீங்க எழுதறவராமே... இங்கிலீஷ் தெரியுமில்ல? இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. மருமவன் ஒரு தடவ படிச்சுச் சொன்னான். இருந்தாலும் இன்னொரு வாய்ல கேட்டா நல்லாருக்கும்னு பாக்குறேன்."

அது ஒரு இ-மெயில். வளைகுடா நாடு ஒன்றில் இருக்கும் பெரிய கம்பெனியாம். 2,000 டன் உப்பு வேண்டுமாம். சொன்ன விலை, உள்ளூர் வியாபாரி தருவதைப்போல இரண்டு மடங்கு! ஒரே ஒரு சின்ன விஷயம்... அவர்களுடைய பட்டியலில் பெயரைச் சேர்க்க 'பதிவுக் கட்டணம்' 48,500 ரூபாய் கட்டவேண்டும். 48 மணி நேரத்துக்குள். முதல் பில்லோடு திருப்பித் தந்துவிடுவார்களாம். கடைசி வரி இன்னும் அழகு: போட்டி அதிகம் என்பதால் இந்த வாய்ப்பைப் பற்றி வேறு யாரிடமும் பேசவேண்டாம்!

"பொண்டாட்டி நகை இருக்கு. வெச்சா அம்பதாயிரம் வரும். என்ன சொல்றீங்க?" என்றார் பெரியவர்.

என்ன சொல்வது? 'இது பித்தலாட்டம், விட்டுத்தள்ளுங்க' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். ஆனால், மழைக்கு முன்னால் சரக்கை விற்றாகவேண்டும் என்று தவிக்கிற மனுஷனுக்கு ஒரு வரி போதாது. ஆகவே, அவருக்குச் சொன்ன கதைகளைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப்போகிறேன். ஏனென்றால், இதே ஓலை நாளைக்கு உங்களுக்கும் வரும். ஏற்கெனவே வந்தும் இருக்கலாம்!

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிடவேண்டும். முன்பின் தெரியாத வெளிநாட்டான் ஒருவன் மரக்காணத்தோடு வியாபாரம் பேசுகிறான் என்பது நம்ப முடியாத சங்கதியே இல்லை. சுமார் 2,000 வருடங்களுக்கு முன்பு கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல் பயணக் குறிப்பு, தமிழகத்தின் கிழக்குக் கரைத் துறைமுகங்களில் ஒன்றாக 'சோபட்மா'வைச் சொல்கிறது. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊராக 'எயிற்பட்டினம்' வருகிறது. இரண்டும் ஒன்றே, அது இன்றைய மரக்காணம் பக்கம்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. ஆக, நம் பெரியவரின் ஊர் கடல் கடந்த வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ஊர்!

அந்தக் காலத்திலும் திருடர்கள் இருந்தார்கள். ஆனால், திருட வருகிறவன் கப்பலேறி, அலையில் ஆடி, கரையில் இறங்கி நம் முன்னால் வந்து நிற்கவேண்டும். முகத்தைக் காட்டவேண்டும். மாட்டிக்கொண்டால் உதைபடவேண்டும். ஏமாற்றுவதற்கு அப்போது நிறையச் செலவாகும். அந்தச் செலவைக் குறைத்துக் கொடுத்தது கடிதம்!

இப்போது பிரான்ஸுக்குப் போவோம்.

விடோக் என்று ஒரு ஆசாமி. 1775-ல் பிறந்தவர். முதல் பாதி வாழ்க்கை திருட்டு, ஜெயில், தப்பியோட்டம். இரண்டாம் பாதியில் அப்படியே தலைகீழ்! பாரிஸ் போலீஸின் துப்பறியும் பிரிவுக்குத் தலைவராகிவிட்டார். இவர் 1828-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில், ஜெயிலுக்குள் நடந்த ஒரு 'தொழிலை' விவரிக்கிறார். கைதிகள் அதை 'ஜெருசலேம் கடிதம்' என்று அழைத்தார்களாம்.

பிரெஞ்சுப் புரட்சி முடிந்திருந்த சமயம். பிரபுக்கள் பலர் உயிர் பிழைக்க நாட்டைவிட்டு ஓடியிருந்தார்கள். ஜெயிலில் இருக்கும் ஒருவன் வெளியூர்ப் பணக்காரருக்குக் கடிதம் எழுதுவான். 'ஐயா, நான் ஒரு பிரபுவிடம் வேலை பார்த்தவன். ஓடும்போது என் எஜமானர் தங்கமும் வைரமும் நிறைந்த பெட்டியை உங்கள் ஊர்ப்பக்கம் ஓரிடத்தில் ஒளித்துவிட்டார். இடம் எனக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அநியாயமாக ஜெயிலில் கிடக்கிறேன். இடத்தைக் குறித்துவைத்த வரைபடம் என் பெட்டியில் இருக்கிறது. அந்தப் பெட்டியை மீட்கக் கொஞ்சம் பணம் அனுப்பினால், கிடைப்பதில் பங்கு தருகிறேன்.'

100 கடிதம் போனால் 20-க்கு நிச்சயம் பதில் வரும் என்கிறார் விடோக். பதிலோடு பணமும்தான்! பாரிஸ் நகரத்துத் துணி வியாபாரி ஒருவர், ஒரு சீமாட்டியின் வைரங்கள் கிடைக்குமென்று நம்பி, புகழ்பெற்ற போன்நெஃப் பாலத்தின் அடியில் தோண்டிக்கொண்டிருந்தபோது பிடிபட்டாராம். துணிக்கடைக்காரர் ஒன்றும் முட்டாள் இல்லை. முழம் போடுவதில் அவரை யாரும் ஏமாற்றியிருக்க முடியாது. ஆனால், வைரம் என்றதும் கணக்கு மறந்துவிட்டது.

19-ம் நூற்றாண்டில் இதே கடிதம் ஸ்பெயினிலிருந்து புறப்பட ஆரம்பித்தது. இந்த முறை ஜெயிலில் இருப்பவர் ஒரு கனவான். அவருக்கு ஒரு பச்சிளம் மகள், ஒளித்துவைத்த சொத்து. அவரைக் காப்பாற்ற இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இருந்த கண்ணியமான மனிதர்கள் பணம் அனுப்பினார்கள். 'ஸ்பானியக் கைதி' என்றே இந்த மோசடிக்குப் பெயர் நிலைத்துவிட்டது.

1980-களில் கடிதம் நைஜீரியாவுக்கு முகவரி மாறியது. முதலில் தபால், பிறகு டெலக்ஸ், ஃபேக்ஸ். 1990-களில் இ-மெயில் வந்ததும் தபால்தலைச் செலவும் மிச்சம்! பிரபுவுக்குப் பதிலாக இறந்துபோன ராணுவ அதிகாரி, வைரப் பெட்டிக்குப் பதிலாக வங்கியில் முடங்கிய கோடிக்கணக்கான டாலர். மற்றபடி கதையில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

இந்த மோசடிக்கு உலகம் வைத்த பெயர் '419'. நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பறிப்பதற்கான பிரிவின் எண் அது. வேடிக்கை என்ன தெரியுமா? நம்முடைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 419-ம் பிரிவு ஆள்மாறாட்ட மோசடிதான்! அதற்கு அடுத்த வீட்டுக்காரர்தான் நாம் செல்லமாகத் திட்டப் பயன்படுத்தும் '420'. 2024 ஜூலை 1-ம் தேதி புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா அமலுக்கு வந்ததும் இரண்டு எண்களும் மாறிவிட்டன. 420 இப்போது 318-ம் பிரிவுக்குள் போய்விட்டது. ஆனால், 'நீ ஒரு முந்நூற்றுப் பதினெட்டு' என்று திட்டினால் யாருக்குக் கோபம் வரும்?

"படிக்காதவன், ஏழைபாழைதான் இதுல மாட்டுவான், இல்ல தம்பி?" என்று கேட்டார் பெரியவர்.

இல்லை! பிரேசில் நாட்டில் 'பாங்கோ நொரோஸ்டே' என்று ஒரு வங்கி. 1995-ல் அதன் மூத்த அதிகாரிக்கு நைஜீரிய மத்திய வங்கியின் கவர்னரிடமிருந்து ஒரு யோசனை வந்தது. தலைநகர் அபுஜாவில் புதிய விமான நிலையம் கட்டப்போகிறோம், முதலீடு செய்தால் உங்களுக்குத் தனியாக ஒரு கோடி டாலர் கமிஷன். பேசியது கவர்னர் இல்லை, இம்மானுவேல் நூடே என்ற எத்தன். விமான நிலையமும் இல்லை! அடுத்த மூன்று வருடங்களில் வங்கியிலிருந்து சுமார் 24 கோடி டாலர் வெளியே போனது. 2001-ல் அந்த வங்கியே மூழ்கிப்போனது. 2005-ல் நூடேவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. படிப்பு, பதவி, அனுபவம் எல்லாம் இருந்த ஒரு வங்கி அதிகாரிதான் ஏமாந்தவர்.

இங்கே ஒரு கேள்வி வரும். இந்த மெயில்கள் பலவற்றில் ஏன் அவ்வளவு எழுத்துப் பிழை, நம்பவே முடியாத அளவு அபத்தம்? கோடிக்கணக்கில் சுருட்டுகிறவனுக்கு நாலு வரி ஒழுங்காக எழுத ஆள் கிடைக்கவில்லையா?

மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி என்பவர் 2012-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். மெயில் அனுப்பச் செலவே இல்லை. ஆனால், பதில் போடுகிறவர்களோடு பேசிப் பேசிப் பணம் கறக்க நேரமும் ஆளும் வேண்டும். பாதியில் சந்தேகப்பட்டு ஓடிவிடுகிறவர்களால் மோசடிக்காரனுக்கு நஷ்டம். அதனால், சந்தேகப் பேர்வழிகள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டுப் போய்விடட்டும்! அதற்குப் பிறகும் பதில் போடுகிறவர்தான் அவனுக்கு வேண்டியவர். அந்த அபத்தம் ஒரு சல்லடை. உப்பைச் சலிப்பதுபோல அவன் நம்மைச் சலித்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால், எல்லா மோசடியும் இப்படிச் சிரிப்பு மூட்டாது. சில வகைகள் திருநீறு பூசிக்கொண்டு வரும்.

மரக்காணத்திலிருந்து மேற்கே போனால் திருக்கோவிலூர். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் அந்த ஊரை ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். அவரைப் போரில் ஜெயிக்க முடியாமல் பலமுறை தோற்றவன் முத்தநாதன். வாளால் முடியாததை வேஷத்தால் முடிக்கப் பார்த்தான். உடம்பெல்லாம் திருநீறு, ஜடாமுடி, கையில் ஒரு புத்தகக் கட்டு. உள்ளே ஒளித்துவைத்த கத்தி!

அடியார் வேஷத்தைப் பார்த்ததும் வாசல் காவலர்கள் எல்லோரும் வணங்கி வழிவிட்டார்கள். கடைசிக் காவலன் தத்தன் மட்டும் தடுத்தான். 'அரசர் தூங்குகிறார், சமயம் பார்த்துத்தான் போகவேண்டும்' என்றான். 'ஆகமம் சொல்ல வந்திருக்கிறேன், தடுக்காதே' என்று அவனையும் தாண்டிப் போனான் முத்தநாதன். அரசரிடம், வேறெங்கும் கிடைக்காத ஆகமம் இது என்றான். அரசி பக்கத்தில் இருக்கக் கூடாது, தனிமை வேண்டும் என்றான். அரசர் தரையில் அமர்ந்து தலைவணங்கினார். கட்டைப் பிரித்தான்...

சேக்கிழாருக்கு இது பக்தியின் உச்சம். கொன்றவனையும் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடச் சொன்ன பெருமை அந்த அரசருடையது. நமக்கு அந்த மகத்துவம் கிடையாது. நாம் கதையின் இன்னொரு பக்கத்தைப் பார்ப்போம். மரியாதைக்குரிய வேஷம், எங்கும் கிடைக்காத பொருள், அவசரம், 'தனியாகப் பேசணும்' என்ற ரகசியம், பிரிக்கவேண்டிய ஒரு மூட்டை. இன்றைக்கு வருகிற மோசடி மெயிலில் இந்த ஐந்தில் எது குறைகிறது, சொல்லுங்கள்!

மூட்டை என்றதும் பங்களாதேஷ் ஞாபகம் வருகிறது. அந்த நாட்டு மத்திய வங்கி ஊழியர்களுக்கு 2015-ல் வேலை கேட்டு ஒரு மெயில் வந்தது. ரொம்பப் பணிவான மெயில். 'என் பயோடேட்டாவை இங்கே பாருங்கள்' என்று ஒரு சுட்டி. யாரோ திறந்தார்கள். முத்தநாதன் உள்ளே போய்விட்டான்! மாதக்கணக்கில் சத்தமில்லாமல் வங்கியின் கம்ப்யூட்டர்களுக்குள் உலாவினான். 2016 பிப்ரவரியில், வார விடுமுறை நாளாகப் பார்த்து, நியூயார்க்கில் இருந்த அந்த வங்கியின் கணக்கிலிருந்து சுமார் 95 கோடி டாலரை மாற்றச் சொல்லி உத்தரவுகள் பறந்தன. 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய், பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தே போனது.

இலங்கைக்குப் போகவேண்டிய இரண்டு கோடி டாலர் மட்டும் தப்பித்தது. எப்படி? பணம் பெறவேண்டிய அமைப்பின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'ஃபண்டேஷன்' என்று எழுதியிருந்தார்கள். நடுவில் இருந்த வங்கிக்காரர் ஒருவர் 'இது என்ன எழுத்து?' என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரே ஒரு தத்தன் சந்தேகப்பட்டதில் இரண்டு கோடி டாலர் மிச்சம்!

சரி, நம் கரைக்கே திரும்புவோம். உப்புக்குப் பேர்போன இன்னொரு ஊர் தூத்துக்குடி. அங்கே ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியில் கணக்கு வைத்திருந்த ஒருவர் அபுதாபியில் வேலை பார்த்துவந்தார். 2007 செப்டம்பரில் வங்கியிடமிருந்து வந்ததுபோலவே அவருக்கு ஒரு மெயில். 'உங்கள் விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால்...' என்கிற வகை. கடவுச்சொல்லைக் கொடுத்தார். 6.46 லட்ச ரூபாய் மும்பையில் யாரோ ஒருவரின் நிறுவனக் கணக்குக்குப் போய்விட்டது.

பலரும் இந்த இடத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். 'நீயே கொடுத்துட்டு வந்து கேட்கிறியா?' என்று நாலு பேர் சிரிப்பார்களே என்ற பயம். வங்கியும் அதைத்தான் வாதமாக வைத்தது: கடவுச்சொல்லை ரகசியமாக வைக்காதது அவர் தப்பு. ஆனால், அந்த மனிதர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி முறையிட்டார். அந்தச் சட்டத்தின் கீழ் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளருக்கு. 2010 ஏப்ரலில் அவர் உத்தரவு போட்டார். பணம் போன அந்தக் கணக்கு யாருடையது, வங்கி தன் பக்கம் எடுக்கவேண்டிய எச்சரிக்கையை எடுத்ததா என்று திருப்பிக் கேட்டார். மொத்தம் 12.85 லட்ச ரூபாய் கொடுக்கச் சொன்னார்! வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது உண்மை. ஆனால், வெட்கப்படாமல் புகார் கொடுத்த ஒரு மனிதரால் இந்தியா முழுக்கப் பேசப்பட்ட உத்தரவு அது.

"அது சரி தம்பி... வந்த ஓலை நிசமா பொய்யான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

பெரியவர் 'ஓலை' என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால், அதற்கான வழியை இதே விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூரில் ஒரு சபை எப்போதோ காட்டிவிட்டது!

அதே பெரியபுராணம்தான். சுந்தரருக்குக் கல்யாணம். மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். 'இவன் எனக்கு அடிமை, இவன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது' என்கிறார். சுந்தரருக்கு வந்ததே கோபம்! ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டுவிட்டார். கிழவர் அசரவில்லை. 'நீ கிழித்தது படி ஓலை. மூல ஓலை பத்திரமாக இருக்கிறது' என்றார். வழக்கு வெண்ணெய்நல்லூர் சபைக்குப் போனது.

சபையார் என்ன செய்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். கிழவரின் தாடியைப் பார்த்து நம்பவில்லை. சுந்தரரின் அழுகையைப் பார்த்தும் முடிவு செய்யவில்லை. மூல ஓலையை வாங்கிப் படித்தார்கள். சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தார்கள். பிறகு, தங்கள் காவலில் இருந்த, தாத்தா எழுதிய *வேறொரு* ஓலையை எடுத்துவரச் சொல்லி, இரண்டு கையெழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்று! கிழவர் சொன்னது நிஜம் என்று தீர்ந்தது. வந்தவர் சிவபெருமான் என்பது அதற்கு அப்புறம் தெரிந்த கதை.

சூட்சுமம் எங்கே இருக்கிறது, கவனித்தீர்களா? கொண்டுவந்தவன் கொடுத்ததை வைத்தே கொண்டுவந்தவனைச் சோதிக்கக் கூடாது. நம்மிடம் தனியாக இருக்கும் வேறொன்றோடு ஒப்பிடவேண்டும்.

வங்கியிலிருந்து மெயில் வந்தால், அதில் இருக்கும் சுட்டியைத் தொடாதீர்கள். அதில் இருக்கும் போன் நம்பருக்குப் பேசாதீர்கள். போன் எடுப்பவன் அவனுடைய ஆள்தானே! உங்கள் பாஸ்புக்கிலோ ஏ.டி.எம். கார்டின் பின்புறத்திலோ இருக்கும் நம்பருக்குப் பேசுங்கள். அதுதான் உங்கள் கையிலிருக்கும் 'வேறொரு ஓலை'. அனுப்பியவர் பெயர் என்னவாக வேண்டுமானாலும் இருக்கலாம். பெயரின் மேல் விரலை வைத்துப் பின்னால் இருக்கும் முகவரியைப் பாருங்கள். அரசாங்க அலுவலகத்தின் பெயரில் வந்திருக்கும், முகவரியோ யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்துகொள்ளும் மெயிலாக இருக்கும். ரிசர்வ் வங்கி 2025-ல் இந்திய வங்கிகள் எல்லாம் தங்கள் இணைய முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும்படி மாற்றச் சொல்லி, அந்த வருடம் அக்டோபர் 31-ஐக் கெடுவாக வைத்தது. முகவரியின் வாலைப் பார்க்கிற பழக்கம் உங்களைக் காப்பாற்றும்.

எழுத்துப் பிழையை மட்டும் இனி நம்பிக்கொண்டிருக்க முடியாது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு எத்தனும் இலக்கணச் சுத்தமாக எழுதுகிறான். தமிழிலும் எழுதுகிறான்! ஆகவே, மொழியை விட்டுவிட்டு அவன் கேட்பதைக் கவனியுங்கள். அவசரம், ரகசியம், முன்பணம் அல்லது கடவுச்சொல். இந்த மூன்றும் ஒரே மெயிலில் சேர்ந்து வந்தால், எழுதியது சேக்கிழாரே ஆனாலும் சந்தேகப்படுங்கள்.

இன்னொன்று. கோபத்தில் ஓலையைக் கிழிக்காதீர்கள். அதாவது மெயிலை அழித்துவிடாதீர்கள். நாளைக்கு அதுதான் சாட்சி.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். டீ ஆறிப்போனது. பிறகு அந்த மெயிலை மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன். தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்:

"நாப்பது வருசமா உப்பு விக்கிறேன் தம்பி. எந்த வியாபாரி வந்தாலும் முதல்ல குனிஞ்சு ஒரு பிடி அள்ளிப் பாப்பான். கையில தேய்ப்பான். மண்ணு இருக்கா, ஈரம் இருக்கான்னு பாப்பான். அப்புறந்தான் வாயே திறப்பான். இவன் ஒரு பிடி மாதிரி கேக்கலையே! உப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, பணத்தைப் பத்தி மட்டும் பேசுறான். உப்பு வாங்க வந்தவன் இல்ல இவன்!"

இருநூறு வருட சரித்திரம் சொல்லி நான் விளக்கியதை, அந்த மனிதர் ஒரு பிடி உப்பில் சொல்லிவிட்டார். உங்கள் தொழில் எதுவோ, அந்தத் தொழிலில் நிஜமான ஆள் முதலில் என்ன கேட்பான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதைக் கேட்காதவன் எத்தன்!

நான் கிளம்ப எழுந்தேன். பெரியவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி... நேத்து ராத்திரி அஞ்சாயிரம் அனுப்பிட்டேன். முன்பணம்னு கேட்டான். வீட்ல சொல்லல. மருமவனுக்கும் தெரியாது. சொன்னா மானம் போயிடும்."

இதைச் சொல்லத்தான் அந்த மனிதர் இவ்வளவு நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

உப்பு சம்பந்தப்பட்ட ஒரு வருஷம் உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1930. மார்ச் 12-ல் சபர்மதியிலிருந்து கிளம்பிய காந்தி, ஏப்ரல் 6-ல் தண்டியில் உப்பெடுத்தார். ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று மிரட்டினார் தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன். ஜனங்கள் பயப்படவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஏப்ரல் 30-ல் உப்புச் சட்டம் உடைந்தது.

இன்றைக்கு இந்தியா முழுவதும் இணைய மோசடியில் பணம் இழந்தவர்கள் உடனே கூப்பிடவேண்டிய எண்ணும் அதே 1930-தான். காரணம் எதுவாக இருந்தாலும், உப்பளத்துக்காரருக்கு ஞாபகம் வைக்க இதைவிட நல்ல எண் கிடையாது. எத்தன் உடனே பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு விரட்டிக்கொண்டே இருப்பான். வழியில் எங்காவது நிறுத்தமுடிந்தால் பிழைத்தது. அதனால், முதல் சில மணி நேரம்தான் பொன்னான நேரம். 'சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன்' என்ற அரசாங்க இணையதளத்திலும் புகார் பதியலாம். வங்கிக்கும் சொல்லிவிடவேண்டும். நீங்கள் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே விதி போட்டது.

எத்தனுக்கு இருக்கிற மிகப் பெரிய கூட்டாளி நம் வெட்கம்தான். அந்தக் கூட்டாளி நமக்குள்ளேயே இருப்பதால், புகார் வராது என்ற தைரியத்தில் அவன் அடுத்த ஊருக்கு மெயில் போடுகிறான்.

அந்த டீக்கடை பெஞ்சிலிருந்தே 1930-க்குப் பேசினோம். பணம் போய் ஒரு ராத்திரி கடந்திருந்தது. அந்த 5,000 திரும்பி வரவில்லை. ஆனால், நகை பெட்டியிலேயே இருக்கிறது.

சில வாரங்கள் கழித்து அந்த வழியாகப் போகும்போது காரை நிறுத்தினேன். அதே டீக்கடை. பெரியவரைச் சுற்றி நாலைந்து உப்பளத்துக்காரர்கள். தன் செல்போனை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அழிக்காமல் வைத்திருந்த அதே மெயில்! என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்க தம்பி! இவனுக்கும் ஒண்ணு வந்துருக்காம். நாந்தான் சொல்லிட்டு இருக்கேன்... மாதிரி கேட்டானா பாருடான்னு!"